பேனரில் இல்லாத அண்ணன்

போன வருடம், சித்திரைத் திருவிழா முடிந்து மதுரை சற்று ஓய்ந்திருந்த வாரம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே, எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில்தான் அந்த ஆளைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

இணையத்தில் ஆள் தேடுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அப்பாவின் கல்லூரி நண்பரை மங்கிப்போன குரூப் போட்டோவை வைத்தே கண்டுபிடித்தேன். போலிக் கணக்கில் என் தோழியைத் தொல்லை செய்தவனை, அவன் வழக்கமாகச் செய்யும் ஒரு எழுத்துப் பிழையை வைத்துப் பிடித்தேன். அலுவலகத்தில் எனக்கு ‘துப்பறியும் பாப்பா’ என்றே பட்டம். அதனால்தான் கூட வேலை பார்க்கும் சீனியர் ஒருவர் அந்த ஆளை அழைத்து வந்தார்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு.

“தங்கச்சி, என் கூடப்பொறந்தவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அம்மா சோறு திங்காமக் கெடக்கு. எங்க இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுத்தா.”

பெயரும் ஒரு பழைய படமும் கொடுத்தார். சொந்த ஊர் அலங்காநல்லூர் பக்கம் என்றார். மனசு இளகிவிட்டது. மதியமே தேட உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயரில் எதுவுமே இல்லை. கணக்குகள் மூடிக் கிடந்தன, படங்கள் அழிந்திருந்தன. ஆள் கிடைக்காவிட்டால் ஆளைச் சுற்றி இருப்பவர்களைத் தேட வேண்டும். நம் ஊரில் அதற்குப் பேனரை விட நல்ல இடம் ஏது? வீட்டு விசேஷம் என்றால் மொத்தச் சொந்தத்தையும் படத்தோடு, படிப்போடு, வேலையோடு அச்சடித்து நிறுத்திவிடுகிறோமே. அலங்காநல்லூர் பக்கம் பேனர் அடிக்கும் கடை ஒன்று, அடித்ததை எல்லாம் விளம்பரத்துக்காகத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு வைத்திருந்தது. அதில் ஒரு காதணி விழா பேனர். ‘அன்புச் சித்தி’ என்ற வட்டத்துக்குள் அதே முகம். கீழே அவர் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் பெயர், ஊர், எல்லாம்.

கைதட்டிவிட்டு, அந்த ஆளிடம் சொல்லப் போனை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நிறுத்தினேன்.

காதுகுத்து என்றால் நம் பக்கம் தாய்மாமன்தான் ராஜா. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பேனரில் அப்பாவை விட அவர் படம் பெரிதாக இருக்கும். இதிலும் இருந்தது, கூலிங் கிளாஸ் போட்ட ஒல்லியான இளைஞர். தாய்மாமன் என்று இருந்தது அவர் ஒருவர்தான். குழந்தையின் அம்மாவுக்கும் அந்தச் சித்திக்கும் ஒரே முகவெட்டு, பார்த்தாலே அக்கா தங்கை என்று தெரிந்தது. அப்படியானால் சித்தியின் அண்ணனும் தாய்மாமன்தானே? டீக்கடையில் சிரித்த ஆள் எங்கே?

அவருக்குப் போன் செய்தேன். “அண்ணே, ஒங்க கூடப்பொறந்தவுக எத்தன பேரு?”

“நானும் அவளுந்தான் தங்கச்சி. ஏன், கெடச்சிட்டாளா?”

“இல்லண்ணே. ஒண்ணுமே கெடைக்கல.”

“நெட்டுல இல்லாம எங்க போயிருவா? நல்லாப் பாரு.” குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

நேராகச் சீனியரிடம் போய், அந்த ஆள் உண்மையில் யார் என்று கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அவளோட புருஷந்தாம்மா. அண்ணன்னு சொன்னாத்தான் நீ தேடுவேன்னு நாந்தான் சொல்லச் சொன்னேன். ரெண்டு அடி அடிச்சிருப்பான், குடும்பம்னா இல்லாமயா? சேத்து வச்சா ஒனக்குப் புண்ணியம்.”

“அந்தப் புண்ணியத்த நீங்களே வச்சுக்கங்க!” நான் கத்தியதில் மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. அவர்களில் ஒருவர்கூட அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் ‘வாய் ஜாஸ்தி’ என்று பெயர் வந்தது.

அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால் பேனர் கடைக்காரரோ, “லைக் நல்லாப் போயிட்டிருக்கு பாப்பா, எதுக்கு எடுக்கச் சொல்ற?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் உடனே எடுத்துவிட்டார். குழந்தையின் அம்மாவிடம் என் நம்பரையும் சேர்த்தார். அந்த அம்மா என்னைப் போனில் கூப்பிட்டு அழுதார். “அவ படம் இல்லாட்டி சித்தி எங்கன்னு சபையில கேப்பாகளேம்மா. வாத்தியாரம்மாவா இருக்கான்னு பெருமையாப் போட்டோம்.”

மறுநாள் ஒரு தெரியாத நம்பர். அந்தப் பெண்தான். அடித்ததைப் பற்றியோ, தப்பித்து வந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“வந்தவரு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாரா?”

“ஆமாக்கா.”

“அப்ப அவருதான்.”

சில நாட்களில் அந்தப் பெண் பள்ளி வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாக அவருடைய அக்கா சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, தேடவும் இல்லை. தப்பு செய்தவன் வெள்ளைச் சட்டையில் ஊருக்குள் நடமாடுகிறான், ஒரு தப்பும் செய்யாதவர் மறுபடியும் பெட்டியைக் கட்டுகிறார். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆள் தேடித் தரச் சொல்லி இன்றும் வருகிறார்கள். நானும் தேடுகிறேன், ஆனால் கிடைத்த முகவரியைக் கேட்டவரிடம் தருவதில்லை. கேட்டவரின் நம்பரைத்தான் கிடைத்தவரிடம் தருகிறேன். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர் யாரைத் தேடுகிறார், எதற்குத் தேடுகிறார் என்பது எனக்கு அந்தச் சுளிப்பிலேயே தெரிந்துவிடுகிறது.