டோக்கன் ஜன்னல் நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பம்பரக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக வார்டு ஆயா. நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவாள், ரத்த மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோவாள். வேலையில்லாத நேரத்திலும் கையில் ஒரு காலி ட்ரேயை ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடப்பாள். சேர்ந்த புதிதில், மாடிப்படியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்த ஒருத்தியைச் சூப்பர்வைசர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

ஆண்டுவிழாவில் நிர்வாகி மைக்கைப் பிடித்து, அவள் 'ஆல்வேஸ் ஆன் தி கோ' என்று புகழ்ந்து தள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டாள். ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருப்பவர்களை அப்படிச் சொல்வார்கள் என்றாள் மகள். 'காலையிலிருந்து ஆன் தி கோ' என்று சிலர் தங்களைப் பற்றியே அலுத்துக்கொள்வதும் உண்டாம்.

"அப்ப இவர் சொன்னது?"

"பாராட்டுத்தாம்மா. உனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

மகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அம்மாவின் வலது முட்டி இரண்டு வருஷமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தாள். பெரிய கெட்டிக்காரிதான், போங்கள்! மறைக்கத் தெரிந்தவளுக்கு, அதை ஒருநாள் எடுத்துக் காட்ட வேண்டிவரும் என்று மட்டும் தோன்றவில்லை.

டோக்கன் ஜன்னலில் இருந்தவர் ஓய்வுபெற்றார். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. இப்படியே இன்னும் ஒரு வருஷம் நடந்தால் முட்டி அவ்வளவுதான் என்று வெளியே ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்ததால், துணிந்து நிர்வாகியிடம் போய் அந்த இடத்தைக் கேட்டாள். எக்ஸ்ரே கவரை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பிரிக்கவில்லை.

"உங்களுக்கா முட்டி வலி? விளையாடாதீங்கக்கா. நீங்க உட்கார்ந்தா இந்த ஆஸ்பத்திரியே படுத்துடும். அந்த இடத்தை ரெண்டாவது மாடி ஆயாவுக்குக் குடுத்தாச்சு. பாவம், அவங்களால நிக்கவே முடியல."

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். நிஜமாகவே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் ஒரு ஃபைலை நீட்டி, மூன்றாவது மாடியில் கொடுத்துவிடச் சொன்னார். சரிங்க சார் என்று வாங்கிக்கொண்டு விறுவிறுவென வெளியே வந்தாள்.

மாடி ஏறி இறங்கிய பிறகுதான் எக்ஸ்ரேயை அவர் மேஜையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.