மணல் ஓணானும் நானாவின் நன்மையும்

எண்ணிப் பார்த்தேன், பதினொரு ஓணான்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்த என் நானா, கூடப் பிறந்த அண்ணன், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, வெங்காயத் தோட்டத்து மணல் ஓணான்களைத் தென்னமட்டையால் அடித்துக் கொன்று வரப்பில் வரிசையாகக் கிடத்தியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“இதுகளக் கொல்லுறது நன்மை தங்கச்சி. இப்றாஹீம் நபிய எரிக்கப் போட்ட நெருப்ப ஊதிப் பெருசாக்கினது இதுகள்தானே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் நுரைச்சோலை மணலில் மேலே ஊற்றுவது அப்படியே கிணற்றுக்கு இறங்கும். போன போகம் பூச்சிமருந்து அடித்தேன். குடிக்கிற தண்ணீரில் அதன் வாடை வந்தது. பிள்ளைகள் குடிப்பதும் அதே கிணறு. இந்தப் போகம் மருந்தே வேண்டாம் என்று தீர்மானித்தேன். காலையில் நான் கையால் புழுப் பொறுக்குவேன். மிச்சத்தை ஓணான்கள் பார்த்துக்கொள்ளும். உடம்பு சுண்டுவிரல் அளவுதான். ஆனால் ஆண் ஓணான் வரப்பில் ஏறி, தொண்டையில் நீல விசிறியை விரித்து மடக்குகிற பவுசைப் பார்த்தால், காணி உறுதிப் பத்திரமே அதன் பேரில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

செத்ததில் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, நானாவையும் இழுத்துக்கொண்டு மௌலவியிடம் போனேன்.

“அது சுவர்ல ஓடுற பல்லியப் பத்தின ஹதீஸ். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல,” என்றார் அவர்.

நானா அசரவில்லை. “சின்ன வயசில மன்னார்ல எல்லாரும் அடிச்சதுதானே.”

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது உடுத்த உடுப்போடு வந்தோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இந்த மடத்தனத்தை மட்டும் யார் பத்திரமாகத் தூக்கி வந்தார்களோ தெரியாது.

பத்து நாளில் வெங்காயத் தாள் முழுக்கப் புழு. என் இரண்டு கை போதவில்லை. நானா மருந்தடிக்கும் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“நான் அடிச்சுத் தாறன். முதல்ல கொஞ்சம் தண்ணி தா.”

அள்ளிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்: “மருந்தடிச்சாப் பொறகு எந்தக் கிணத்தில அள்ளித் தாறது நானா?”

தாங்கியோடு திரும்பிப் போனார்.

பாதி வெங்காயம் போய்விட்டது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நானா மதுரங்குளி ஊர் வரை கதைத்துத் திரிகிறாராம். இருந்தும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. வந்து, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: “உன்ட கிணத்துத் தண்ணிதான் தண்ணி.”