வழி சொன்ன குரல்

நவம்பர் 14, வியாழன்.

நேற்றைய பக்கத்தில் புதன் என்பதற்குப் பதில் செவ்வாய் என்று எழுதிவிட்டேன். திருத்திவிட்டேன். மற்றதையும் திரும்பத் திரும்ப யோசித்தேன். பிரமையாக இருக்குமோ என்றுகூடப் பார்த்தேன். ஒரு வரியையும் அடிக்க முடியவில்லை. நடந்தது இதுதான்.

துறைமுக வயர்லெஸ் அறையில் நான் உதவியாள். படகுகளுக்கு வழி சொல்வது அக்காவின் வேலை. உடன்பிறந்தவள் இல்லை, எல்லோருக்கும் அவள் அக்கா. கடலில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவள் குரல் தெரியும். அவள் காதலித்ததோ கடலில் முங்கி வேலை செய்யும் ஒருவரை. காது கேட்கும், பிறவியிலேயே பேச்சு வராது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிடுவா" என்று ஊர் சிரித்தது. படகிலிருந்து அவர் மைக் பட்டனைத் தட்டித்தான் பதில் சொல்வார். ஒரு 'டிக்', ஆமாம். இரண்டு, இல்லை.

போன புயலில் அவர் வேலை பார்த்த படகின் நங்கூரம் பாறையில் சிக்கியது. அதை விடுவிக்கப் படகு முதலாளி அவரைக் கயிறு கட்டி இறக்கினார். பெரிய அலை வந்ததும் முதலாளி கயிற்றை அறுத்துவிட்டுப் படகோடு தப்பி வந்தார். கீழே இறங்கியவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

நேற்று மறுபடி புயல். மாலை வகுப்பு இல்லாததால் நானும் அறையில் இருந்தேன். மணி 5.40. அந்த முதலாளி படகைத் தவிர எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. வயர்லெஸில் அவர் குரல் வந்தது.

"ஒண்ணும் தெரியல... வலது பக்கமா வரலாமா?"

வலது பக்கம்தான் பாறை.

அக்கா மைக்கை எடுத்தாள். பட்டனை அழுத்தவில்லை. அதற்குள்...

டிக்.

"சரி தம்பி, வரேன்."

யாருக்குப் பதில் சொல்கிறார்? அறையில் காற்றின் இரைச்சல் மட்டும்தான்.

"அக்கா, இடதுன்னு சொல்லுங்க. சீக்கிரம்."

அவள் மைக்கைக் கவிழ்த்து வைத்தாள். நான் எட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இத்தனை நாள் நான்தானே பேசினேன். அவர் பேசட்டும்."

டிக்.

"புதுசா தம்பி நீ? கேட்ட குரலா இல்லையே."

டிக்... டிக்.

"அப்ப யாரு..."

5.46. கரகரப்பு.

பிறகு அதுவும் இல்லை.

இன்று காலை சில பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின. படகுக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் வயர்லெஸ்களும் நேற்று திறந்தே இருந்தனவாம்.

"வலது பக்கம் வான்னு சொன்னானே, யாருப்பா அந்த ஆளு? என்ன கணீர்னு குரல். கடைசியில பேரைக்கூடச் சொன்னான், இரைச்சல்ல விழல."

அக்காவுக்கு விடிந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார் டாக்டர்.

நாளை: காலை பத்து மணிக்குத் துறைமுக அதிகாரியைப் பார்த்து, நேற்று வழி சொன்னவர் யார் என்று சொல்ல வேண்டும்.