பல்லவர் விழுந்த இடத்தில் ஒரு விரல் அகலம்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பல்லவப் பேரரசு வீழ்ந்தது. என் போனில்.

வீழ்த்தியவர் என் சம்பந்தி. அதாவது, சம்பந்தியாகப் போகிறவர். என் கடைசி மகள் யாழினியை அவருடைய மகனுக்குத்தான் நிச்சயம் செய்திருக்கிறோம். கும்பகோணத்துக்காரர். அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான் — பேரரசுகளைக் கவனித்துக்கொள்வது!

ஃபேஸ்புக்கில் இதற்கென்றே குரூப்புகள் இருக்கின்றன. காலையில் ஒருவர் எழுந்து, பல்கூடத் துலக்காமல், 'ரோமாபுரி ஏன் விழுந்தது?' என்று கொளுத்திப் போடுவார். வரி அதிகம் என்பார் ஒருவர். குடி அதிகம் என்பார் இன்னொருவர். மத்தியானத்துக்குள் மங்கோலியர், முகலாயர், விஜயநகரம் எல்லாம் வரிசையாக விழுந்து முடிந்துவிடும். சாயங்காலம் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மறுநாள் காலை... திரும்பவும் ரோமாபுரி.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வேலையற்றவர்கள் என்று நினைத்தேன். அப்புறம் சம்பந்தி காட்டியபோது உட்கார்ந்து படித்தேன். அடேயப்பா, என்ன மனசு இவர்களுக்கு! அந்த ராஜா இவர்களுக்கு ஒரு குழி நிலம் எழுதி வைத்தானா? ஒரு படி நெல் அளந்தானா? கிடையாது. இவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டனிடம் வரிதான் வாங்கியிருப்பான். அவனுக்காக, முன்பின் பார்த்திராத ஒருவனோடு, சோறு ஆறிப்போகிற வரைக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசக்கூட ஆள் கிடைக்காத காலம் இது. செத்துப்போன ராஜாவுக்கு வக்கீல் கிடைக்கிறான் என்றால் சும்மாவா?

சரி, என் கதைக்கு வருகிறேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தாமல். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாடகை சைக்கிள் கடையில் சைக்கிள் துடைத்த கை இது. இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் ஏழு டூரிஸ்ட் வேன் என் பெயரில் ஓடுகிறது. கைலாசநாதர் கோயில் வாசலில் நான் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால், அதைக் கட்டியவர்கள் நின்ற நேரத்தைவிட அதிகமாகத்தான் வரும். கைடுகள் சொல்வதை நாற்பது வருஷம் காதால் கேட்டு வளர்ந்த சரித்திரம் என்னுடையது. புத்தகத்தில் படித்தவனுக்கு மறக்கும். எனக்கு மறக்காது.

அந்தத் தைரியத்தில்தான் கல்யாணப் பத்திரிகையை நானே எழுதினேன். 'பல்லவப் பேரரசின் தலைநகராம் காஞ்சி மாநகரில்...' என்று ஆரம்பம். எப்படி? இந்த ஊரில் எத்தனையோ பத்திரிகை பார்த்துவிட்டேன், இப்படி ஒரு வரி எவனும் போட்டதில்லை. இரண்டு வீட்டாரும் இருக்கிற கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாக அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அதற்கு வந்த பதில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதில். சம்பந்தி எழுதினால் இலக்கணமாகத்தான் எழுதுவார்:

'வாசகம் நன்று. ஆனால் பல்லவப் பேரரசு வீழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. வீழ்ந்த ராஜ்யத்தின் பெயரைச் சுபகாரியத்தில் சேர்ப்பானேன்? வீழ்த்தியவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை.'

கடைசியில் கைகூப்பிய பொம்மை வேறு.

எனக்கு எழுத்துக் கூட்டி டைப் அடிப்பது சிரமம். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிற வசதி இருக்கிறதே, அதில்தான் பேசினேன். 'பல்லவர் கட்டிய கோயிலைப் பார்த்துத்தான் உங்கள் ஊர்க் கோயிலையே கட்டினார்கள்' என்றேன். போன் எழுதியது — 'பல் அவர் கட்டிய கோயில்'. உடனே சம்பந்தி வீட்டு மாமா ஒருவர், 'யாருடைய பல்?' என்று கேட்டார். அவருக்கு நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. 'மாதிரியைப் பார்த்துச் செய்தவன் பெரிதாகச் செய்தான்' என்று ஒரே வரி போட்டார். அந்த வரிக்கு நானே மனசுக்குள் கைதட்டினேன். வெளியில் தட்ட முடியுமா?

புதன், வியாழன் இரண்டு நாளும் போர்தான். மாப்பிள்ளை வீட்டு மாமா சோழர் படையோடு இலங்கைக்குக் கப்பலில் போனார். என் மைத்துனர் மாமல்லபுரத்திலிருந்து சீனாவுக்கே கப்பல் விட்டார். மண்டபம், மேளம், சமையல் எல்லாம் அப்படியே நிற்கிறது. அந்தச் சூட்டில்தான் நான் ஒரு அடி அதிகமாக வைத்துவிட்டேன்.

"எங்க ராஜ்யம் மட்டுமா உழுந்துச்சு? உங்களுதுந்தான் உழுந்துச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் சோழநாடு சோழநாடுன்னு சொல்லிக்கினு திரியறீங்க?" என்று பேசினேன். அன்றைக்குப் பார்த்து போன் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதியது.

'திரியறீங்க.' எங்கள் பக்கத்தில் அது ஒரு வார்த்தையா? மூச்சு விடுவது மாதிரி வாயில் வருவது. கும்பகோணத்தில் அப்படி இல்லையாம். பெரிய மனிதரைப் பார்த்து, வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறாய் என்று சொன்னதாக ஆகிவிட்டது. அரை மணி நேரத்தில் அங்கிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை முடிவு செய்ய வருவதாக இருந்தவர்கள் இனி வரப்போவதில்லையாம். 'அச்சுக்குக் கொடுப்பதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.'

கல்யாணக் காரியத்தில் 'தள்ளி வைக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

யாழினி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல், மெதுவாக ஒன்று சொன்னாள்.

"அப்பா, பல்லவருக்கு நடந்தது நடந்து முடிஞ்சுபோச்சு. எனக்கு இன்னும் நடக்கவே இல்லப்பா."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினாள்? அதைக் கேட்கிற தைரியம்கூட எனக்கு வரவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் நான் மன்னிப்புக் கேட்டு வளர்ந்தவன் இல்லையே... நாக்கு புரளவில்லை.

என் மனைவி பார்வதிக்கு என்னைவிட மூளை அதிகம். (இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு வேலை செய்தாள். முகூர்த்தப் புடவையை நெய்துகொண்டிருக்கிற அம்சாவை, யாரென்று ஒரு வார்த்தைகூடப் போடாமல், குரூப்பில் சேர்த்தாள். புடவை போட்டோ ஒன்று வந்து விழுந்தால் பேச்சு திரும்பும், எல்லார் மனசும் கொஞ்சம் இளகும் என்பது அவள் கணக்கு.

அம்சாவுக்குப் பிள்ளையார்பாளையம். நாற்பது வயது இருக்கும். பட்டு நெசவில் அவள் வீட்டில் எல்லாருமே கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நுணுக்கமான வேலை என்றால் அவளைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள். எங்கள் புடவைக்கு உடல் மாம்பழ மஞ்சள், முந்தானை அரக்கு. மஞ்சள் முடிந்து அரக்கு தொடங்குகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் நெய்கிறவரின் கை தெரியும். அந்த வேலைக்கு எங்கள் ஊரில் பிட்னி என்று பெயர். ஒவ்வொரு இழையாக, ஆயிரக்கணக்கான இழையை விரலால் இணைக்க வேண்டும். அன்றைக்கு அம்சா அந்த வேலையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதற்கு முன்னால் நடந்த பேச்சு எதுவும் தெரியாது. அம்சாவுக்குப் பல்லவரும் தெரியாது, 'திரியறீங்க'வும் தெரியாது. அவள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் செய்தி, சம்பந்தி அப்போதுதான் போட்ட கடைசி அஸ்திரம்:

'எல்லாரும் பேசியாயிற்று. என் கேள்வி ஒன்றுதான். பழையது எங்கே முடிந்தது? புதியது எங்கே தொடங்கியது? அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.'

புடவை நெய்கிற பெண் இதைப் படித்தால் என்ன நினைப்பாள்?

இரண்டு நிமிஷத்தில் அம்சாவின் குரல் குரூப்பில் வந்து விழுந்தது. பின்னால் பக்கத்துத் தறியின் சத்தம்.

"வணக்கம் சார். கோடு கேட்டீங்களே... கோடே கெடையாது சார். கோடு தெரிஞ்சா அது வெட்டி ஒட்டுன வேலை. பழசு ஓடிக்கினு இருக்கும்போதே புதுச அதுமேல ஒண்ணொண்ணா முறுக்கி ஏத்துவோம். ஒரு வெரல் அகலம் ரெண்டும் ஒண்ணாத்தான் போவும். எது பழசு, எது புதுசுன்னு எனக்கே தெரியாது. அப்புறமாத்தான் பழச உடுவோம். அந்த எடந்தான் சார் இருக்கறதுலயே கெட்டி. வேற எங்க வேணா கிழியும், அங்க கிழியாது. நம்பலன்னா நேர்ல வந்து தடவிப் பாருங்க."

இரண்டு வீட்டாரும் அதைக் கேட்டார்கள். கடைசியில், பல் யாருடையது என்று கேட்ட அந்த மாமா எழுதினார்: 'அற்புதமான விளக்கம். மேடம் எந்தக் கல்லூரியில் வரலாறு?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐயா, அவர் புடவையைச் சொல்கிறார்' என்று பேச வாயைத் திறந்தேன். பார்வதி போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாயைத் திறந்து எத்தனையோ சாதித்திருக்கிறேன். மூடிக்கொண்டு சாதித்தது இது ஒன்றுதான்!

அம்சா அதற்குள் பார்வதியின் போனுக்கே கூப்பிட்டு என்னைக் கேட்டாள். குரலில் அனல் பறந்தது. பொடவையைக் கண்ணாலயே பார்க்காமல் கோடு தெரிகிறது என்று சொல்கிற அந்த ஆள் யார், தன் கை வேலையில் கோடு இருக்கிறது என்று இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதுண்டா, வரச் சொல்லுங்கள் அவரை என்றாள். வருவார்மா, நேரில் காட்டு என்று மட்டும் சொன்னேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன்? தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி வந்து நின்றார். தனியாக. என்னிடம் பேச்சில்லை. கையில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக் கட்டு, பழம், ஒரு சால்வை.

"அந்த அம்மாவைப் பாக்கணும்" என்றார்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏதோ பெரிய வித்துவாம்சினி வீட்டுக்குப் போகிற மாதிரி அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே வருகிறார். உண்மை தெரிந்தால் என்ன ஆகும்? விழுந்த ராஜ்யத்துக்காரன் ஆள் வைத்து ஏமாற்றினான் என்று ஆகாதா?

அம்சா தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. இழை முறுக்குவதற்காகச் சாம்பல் தொட்ட விரலோடு நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தி வெற்றிலையை நீட்டி, சோழர் காலத்தில் காஞ்சி என்று ஏதோ ஆரம்பித்தார்.

"எந்தச் சோழரு?" என்றாள் அம்சா. "கோடு கேட்டவரு நீங்கதான? இதோ இருக்குது. எங்க கோடு? காட்டுங்க."

நான் மேலே கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி தறியைப் பார்த்தார். அம்சாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார். மஞ்சளில் விரலை வைத்து அரக்கு வரைக்கும் மெதுவாக ஓட்டினார். அப்புறம் அரக்கில் வைத்து மஞ்சளுக்கு. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு.

"நான் கேட்டது வேறம்மா" என்றார்.

"பின்ன?"

"அதுக்கும் பதில் இதுதான்."

எத்தனை தேசத்து ஆட்களோடு மல்லுக்கு நின்ற மனிதர் இவர்! தோற்றுப்போவதற்கென்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடித்து, வெற்றிலை பாக்கோடு வந்திருக்கிறார். நானாக இருந்தால் வந்திருப்பேனா? மாட்டேன். ஜெயித்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. இப்படித் தோற்கத் தெரிந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சால்வையை அவர் அம்சாவின் தோளில் போட்டபோது, கை அழுக்காக இருக்குது சார், தறிமேல படப்போவுது என்று அவள் பதறியதையும் பார்த்தேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"சம்பந்தி, திரியறேன்னு சொன்னீங்களே... உங்க ஊர்ல அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. எம் பொண்டாட்டி என்னை தெனம் கேக்கறதுதான். எங்க திரிஞ்சிட்டு வர்றேன்னு."

அதற்குமேல் ஒரு வார்த்தை தொண்டையில் நின்றது. எப்படியோ தள்ளிவிட்டேன். "தப்புதான், மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் சிரித்தார். அறுபத்தேழு வயதில் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது. அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பத்திரிகை இந்த வாரம் அச்சாகி வந்துவிட்டது. அதில் பல்லவரும் இல்லை, சோழரும் இல்லை. கீழே, சம்பந்தி பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன ஒரு வரி மட்டும் இருக்கிறது: 'முகூர்த்தப் புடவை நெய்தவர்: அம்சா, பிள்ளையார்பாளையம்.' இப்படி ஒரு வரியை எந்தப் பத்திரிகையிலும் அடித்ததில்லை என்றார் அச்சகத்துக்காரர். அதனால் என்ன, ஊரில் எவனும் போடாத வரி என் வீட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டதல்லவா?

யாழினி இப்போது இட்லி சாப்பிடுகிறாள். நாலு.

கல்யாணக் குரூப்பில் இந்த வாரம் ரோமாபுரி விழுந்துகொண்டிருக்கிறது. நானும் சம்பந்தியும் ஒரே கட்சி. அம்சா மட்டும் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாள். ஏன்மா என்று கேட்டேன்.

"டிங் டிங்குனு அடிச்சிக்கினே இருக்குதுண்ணா... இழை தப்புது."