ஜலஜா கேட்டு வாங்கிய தலைப்பு

ஜலஜா என் அண்ணன் ஜெயராமின் மனைவி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இருக்கிறாள். 2010இல் மாதாப்பூர் வேலையை விட்டாள். அந்த வருடம் மார்ச்சில் பிறந்த அவளுடைய பையன் மூச்சே விடவில்லை. எங்கள் வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். "அடுத்தது நன்னா பொறக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தோம்.

அவள் இணையத்தில் கதை படிக்கப் போனாள். டிவி தொடர்களின் ரசிகர்கள் அந்தப் பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதிப் போடும் ஓர் ஆங்கில இணையதளம் அது. சிரிப்புக் கதை என்று நினைத்துத் திறந்த ஒன்றில் பாதியிலேயே குழந்தை செத்துப்போனது. இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை.

அங்கே எழுதுகிறவர்கள் கதையில் என்ன வருகிறது என்று காட்டத் தங்கள் இஷ்டத்துக்குக் கதைக்கு மேல் குறிச்சொற்கள் போடுவார்கள். ஒரே விஷயத்தை நூறு பேர் நூறு விதமாக எழுதியிருப்பார்கள். தன்னார்வலர்கள் அவற்றைப் படித்துப் பொதுவான தலைப்புகளின் கீழ் சேர்ப்பார்கள். ஒரு தலைப்பை வேண்டாம் என்று வாசகர் விலக்கிவிட்டால் அந்தக் கதைகள் கண்ணிலேயே படாது. ஜலஜா அதில் சேர்ந்து, யாரும் தொடாத தலைப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினாள்: குழந்தை சாவு. பிரசவம் பற்றியவையும் கூடவே வந்தன. தன்னைப் போல இன்னொருத்தி தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

"சம்பளமில்லாத குமாஸ்தா" என்று அண்ணன் கேலி செய்வான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஒவ்வொரு குறிச்சொல்லையும் முழுக்கப் படிப்பாள், சந்தேகம் வந்தால் கதையையும் திறந்து பார்ப்பாள், பிறகுதான் சேர்ப்பாள். அந்தக் கதைகள் அவளை என்ன பாடு படுத்தின என்று எனக்குத் தெரியும்.

2012 மார்ச்சில், பையனின் பிறந்த நாளன்று, நாற்பது குறிச்சொற்கள் வந்து நின்றன. எல்லாமே 'பிரசவம்' என்று தொடங்கின. அன்றைக்கு அந்த வார்த்தையை நாற்பது தடவை படிக்க அவளால் முடியவில்லை. மேலே இருந்த கட்டத்தில் ஒரு டிக் அடித்து, மொத்தத்தையும் 'சுகப்பிரசவம்' தலைப்பில் தள்ளிவிட்டாள். பதினேழாவது, 'பிரசவம், குழந்தை உயிரோடு இல்லை' என்றிருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஒரு வாசகி எழுதினாள். "குழந்தை சாவை விலக்கிவிட்டுத்தான் தேடினேன். போன மாதம் என் பெண் இறந்து பிறந்தாள். உங்கள் பட்டியலை நம்பினேன்."

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியது திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் தன் கணக்கையே மூடிவிட்டிருந்தாள்.

நான் போனபோது ஜலஜா கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நக்கோ, வேண்டாம் மன்னி, விடுங்கோ. யாரோ முகம் தெரியாதவ" என்றேன்.

"யாரோன்னு சொல்லாதே மஹதி. அவ வழியெல்லாம் பாத்துப் பாத்துத்தான் வந்திருக்கா. நான்தான் அவளை அங்க கொண்டுபோய் விட்டேன்."



மறுநாளே அந்தத் தலைப்பை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டாள். ஏழு மாதமாகியும் ஒருவரும் முன்வரவில்லை. யார் வருவார்கள்? சேர்க்கப்படாத குறிச்சொற்கள் முந்நூறைத் தாண்டிவிட்டன. குழந்தை சாவு வேண்டாம் என்று விலக்கித் தேடுகிறவர்கள் முன்னால் அத்தனை கதைகளும் வந்து நிற்கின்றன. ஜலஜா தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, எத்தனை சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறாள். ஒன்றையும் தொடாமல் மூடிவிடுகிறாள்.