நல்லம்மா நிரப்பிய சொட்டை

சர்க்கரை வந்தவனுக்கு நம் ஊரில் ஒரே தண்டனைதான்: ராத்திரிக்குச் சப்பாத்தி. டாக்டர் தீர்ப்பு எழுதினார், மருமகள் நிறைவேற்றுகிறாள். அவளுக்குக் கடை மாவில் நம்பிக்கை கிடையாது. கோதுமையாக வாங்கி, புடைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருவாள். கல் பொறுக்குவது மட்டும் என் பொறுப்பு. செய்தித்தாளை விரித்துக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அரை நாள் ஓடிவிடும். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடக் கௌரவமான உத்தியோகம் வேறு கிடையாது.

போன வாரம் அப்படிப் பொறுக்கும்போது ஒரு சின்னக் கதிர்த்துண்டு கையில் அகப்பட்டது. மீசை நீண்டு, தோல் தடித்து, கோதுமைக்கு உறவு மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. லேசாக நெரித்தேன். கணுக் கணுவாக உடைந்து தாளில் சிதறியது. நல்ல கோதுமைக் கதிர் அப்படி உடையாது. அந்த உடைசல் எனக்குத் தெரிந்த உடைசல்.

"என்ன மாமா, தூசியைப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்றாள் மருமகள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன, நான் ஒரு காலத்தில் கொல்லிமலையில் கோதுமை பயிரிட்டவன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மலைக்காரர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். சாமையும் கேழ்வரகும் விளைகிற மலைக்கு, கால்சட்டை போட்ட ஒல்லிப் பையன் ஒருவன், கட்டைவிரல் உயர மரக்குச்சிகளும் தகரச் சீட்டுகளும் சுமந்துகொண்டு ஏறி வந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அப்போது மலைக்கு பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். செம்மேட்டுச் சந்தைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் பெயர் ஒரே வாரத்தில் மறந்துபோய், "கோதுமை ஐயா" என்பது நிலைத்துவிட்டது.

மலையில் எதற்குக் கோதுமை என்றால், சாப்பிடுவதற்கு அல்ல. கோதுமைக்குத் துருநோய் என்று ஒன்று உண்டு. இலையெல்லாம் செம்பொடி பூசி, மணி பால் பிடிக்கிற நேரத்தில் பயிரைச் சுருட்டிவிடும். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் பெரிய ஐயா பல வருஷமாக ஒரே காரியத்தில் இருந்தார். எங்கோ வெளிநாட்டு மலைச்சரிவில் யாரும் விதைக்காமல் தானே முளைக்கிற ஒரு காட்டுப் புல்லை வரவழைத்து, அதைக் கோதுமையோடு சேர்த்து, பிறந்ததை மறுபடி கோதுமையோடு சேர்த்து, இப்படியே போய்க்கொண்டிருந்தார். புல்லுக்கு நோய் தாங்கும் உடம்பு. கடைசிவரை இலை பச்சையாக நின்று மணிக்குச் சத்து அனுப்பும். கோதுமைக்கு விளைச்சல் உண்டு, உடம்புதான் நோஞ்சான். இரண்டையும் ஒரே செடியில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பெரும்பாலான சேர்க்கை மலடாகப் போய்விடும். தப்பித்த விதைகள் இருபத்துநான்கு. துருநோய் தானாக வருகிற குளிர்ந்த மலையில் விதைத்தால்தான் எது தாங்கும் என்று தெரியும். அதற்குத்தான் கொல்லிமலை.

விதைப்புக்கு அவரே வந்தார். ஆஸ்துமாக்காரர். பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று மலை ஏறினார். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அந்த இருபத்துநான்கு விதைகளையும் சட்டைப் பைக்குள் கொண்டுவந்திருந்தார். வழியில் யாரிடமும், என்னிடம்கூட, அதைக் கொடுக்கவில்லை. மற்ற வரிசைகளில் சாதாரணக் கோதுமையை நெருக்கமாகத் தூவினோம். ஒன்பதாம் வரிசையில் மட்டும், குச்சிக்கு ஒரு விதையாக, முழங்காலிட்டு அவரே ஊன்றினார்.

களையெடுக்க வந்திருந்த நல்லம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்; அவள் குண்டூர் நாட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "இது என்னங்க சாதி?" என்று கேட்டாள். ஐயாவுக்கு விளக்குவது என்றால் வெல்லம். "கோதுமையும் அந்தக் காட்டுப்புல்லும் பங்காளிங்கம்மா. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கோம்" என்றார்.

நல்லம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பங்காளிக்குள்ள எப்படிங்க கண்ணாலம் கட்டுவாங்க? ஆகாதுங்களே."

ஐயா திகைத்து என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர், "சரி, மாமன் மச்சான்னு வெச்சுக்க" என்றார். "அப்படிச் சொல்லுங்க" என்று அவள் திருப்தியாகக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள். மலை இறங்கும்போது ஐயா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இந்த ஒம்பதாம் வரிசையை விட்டு எங்கயும் போயிடாதப்பா."

போனேன்.

அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ராசிபுரம் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். லீவு கேட்டால் கிடைக்காது. விதைத்த ஐந்தாம் நாள், நிலம் இன்னும் மொட்டையாகவே இருந்தபோது, நல்லம்மாவிடம் "ஆபீஸ் வேலையா கீழ போறேன், களை மட்டும் எடு" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். நாலே நாளில் திரும்புவதாகத் திட்டம். பெண் பார்க்க வீட்டாரோடு போனது ஒரு தடவை. அதன் பிறகு சைக்கிளில் அந்தத் தெரு வழியாகத் தற்செயலாகப் போனது எத்தனை தடவை என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மலை ஏறியபோது பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

நேராக நிலத்துக்கு ஓடினேன். பார்த்தால், என்ன அழகு தெரியுமா. வரிசையெல்லாம் நூல் பிடித்த மாதிரி பச்சை. ஒன்பதாம் வரிசையில் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. மலைக்காற்றின் மகிமை என்று முடிவு கட்டி, அன்றைக்கே ஐயாவுக்கு எழுதினேன்: "முளைப்பு நூற்றுக்கு நூறு." கூடவே மண், ஈரம், பராமரிப்பு என்று என் பெருமையையும் ஒரு பக்கத்துக்கு நீட்டியிருந்தேன்.

பதிலாக ஐயாவே வந்துவிட்டார். பாராட்ட வருகிறார் என்று நினைத்துச் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கி வைத்திருந்தேன். அவர் நேராக ஒன்பதாம் வரிசைக்குப் போய், பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஒவ்வொரு செடியாகப் பார்த்து முடித்துவிட்டு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சேர்க்கையில பாதி முளைச்சாலே அதிசயம்ப்பா. இருபத்திநாலும் முளைக்காது. யார் கை பட்டுது இதுல?"

பின்னாலிருந்து நல்லம்மா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னாள்: "நான்தானுங்க. அந்த வரிசை ஆறே பயிரோட சொட்டையாக் கெடந்துச்சு. பக்கத்து வரிசையில நெருக்கமா இருந்ததைப் புடுங்கி ஊனி நிரப்பினேன். சொட்டை உழுந்த காட்டைப் பாத்தா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?"

கேழ்வரகுக் காட்டில் அவர்கள் செய்கிற வேலைதான் அது. நெருங்கி வந்த நாற்றைப் பிடுங்கி, முளைக்காத இடத்தில் நடுவார்கள். வெறும் இடத்தை அப்படியே விட்டுவைத்தால் அவள் வேலைக்காரியே இல்லை. முளைக்காமல் போன இடமும் எங்களுக்கு ஒரு கணக்கு என்று அவளிடம் யார் சொன்னது? சொல்ல வேண்டியவன் ராசிபுரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். இளசாக இருக்கையில் எல்லாச் செடியும் ஒரே முகம். ஐயாவின் அத்தனை வருஷத்து உழைப்பில் மிஞ்சிய ஆறு செடிகள், பதினெட்டுச் சாதாரணக் கோதுமைக்குள் தொலைந்து நின்றன.

அந்த நிமிஷம் நான் செய்ததை இத்தனை காலம் எங்கும் எழுதியதில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க ஐயா. நான் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள பண்ணிட்டா" என்றேன். அதோடு நிற்காமல் அவளைப் பார்த்து, "நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றும் சொன்னேன். நல்லம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

ஐயாதான் எழுந்து, "உனக்கு அடையாளம் தெரியுமாம்மா, முதல்ல இருந்த ஆறு எது?" என்றார். அவள் வரிசையோடு நடந்து நான்கு செடிகளைத் தொட்டுக் காட்டினாள். "மிச்சம் ரெண்டு மறந்துபோச்சுங்க. தை பொறந்தா அதுங்களே சொல்லுமுங்க" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கோழியை அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தையில் துரு வந்தது. நிலத்துக்குள் ஒரு நடை போய்வந்தால் கால்சட்டை முழங்கால்வரை செம்மண் நிறமாகிவிடும். வரிசை வரிசையாகப் பழுத்துக் காய்ந்தது. ஒரு நோய் வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஒன்பதாம் வரிசையில் ஆறு செடிகள் மட்டும் தங்களுக்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் பச்சையாக நின்றன. நல்லம்மா காட்டிய நான்கில் மூன்று அதில் இருந்தன.

தொலைந்தவை கிடைத்துவிட்டன என்று ஐயாவுக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் காட்டுப்புல் தன் நல்ல குணத்தை மட்டுமா கொடுக்கும்? பழுக்கத் தொடங்கிய கதிர் ஒன்றை ஒரு பிற்பகல் ஆசையாகத் தொட்டேன். கணுக் கணுவாக உடைந்து, மணிகள் மண்ணில் சிதறின. தவழ்ந்து தவழ்ந்து தேடியதில் பாதிதான் கிடைத்தது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் மிச்சக் கதிர்களும் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். ஐயாவுக்குக் கடிதம் போய்ச் சேரவே நாலு நாள் ஆகும். அறுக்க எனக்கு வராது. அந்த மலையில் எனக்குத் தெரிந்த தேர்ந்த கை ஒன்றுதான், அதைத்தான் நான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தேன்.

வெட்கத்தை விட்டு குண்டூர் நாட்டுக்கு நடந்தேன். நல்லம்மா வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெய்யில்ல தொட்டா உதுருமுங்க. சாமைக் காட்டுலயும் அப்படி ஒரு திருட்டுப் புல்லு வரும். பனி காயறதுக்கு முந்தி அறுக்கோணும். காலையில வாரேன், போங்க" என்றாள். அவ்வளவுதான்.

விடிந்ததும் வந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, செடியடியில் பழஞ்சேலையை விரித்து, பனி சொட்டுகிற கதிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சேலையில் படுக்கவைத்தாள். ஒரு மணிகூட மண்ணில் விழவில்லை. குழந்தை என் சட்டைப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. வேலையை முடித்து நிமிர்ந்தவள், கதிரைப் பார்த்தபடியே கேட்டாள்: "ராசிபுரத்துப் பொண்ணு புடிச்சுதுங்களா?"

அந்த மலையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"சந்தைக்கு வந்த சனம் பூராவும் பேசுச்சுங்களே. நீங்க சைக்கிள்ள சுத்துனது வரைக்கும்."

"அப்புறம் ஏன் ஐயாகிட்ட நீ சொல்லலை?" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு வேலை போயிருமுங்க. வேலை போனவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "எனக்கு என்னங்க, இந்தக் காடு இல்லாட்டி இன்னொரு காடு."

மறுநாளிலிருந்து மறுபடி வேலைக்கு வந்தாள். நான் மன்னிப்பு கேட்டேனா என்றால், கேட்கவில்லை. இருபத்திரண்டு வயது உத்தியோகஸ்தனுக்கு அது எப்படி வரும்? ஐயாவிடமாவது உண்மையை எழுதியிருக்கலாம். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மணிகளை அனுப்பினேன், கூடவே ஒரு வெள்ளைத்தாள் நிறைய என் ஜாக்கிரதையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த மணிகளைத் திரும்பத் திரும்பக் கோதுமையோடு சேர்த்து, உதிராத கதிரும் துரு தாங்கும் இலையுமாக அவற்றின் வாரிசுகளை அவர் பெருக்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எந்தக் கோதுமையில் போய்ச் சேர்ந்தன என்று தெரியாது. இந்தச் சப்பாத்தியில்கூட இருக்கலாம். அந்த எண்ணம் வந்தால் இரண்டு அதிகமாகச் சாப்பிடுகிறேன், டாக்டரிடம் சொல்லவேண்டாம்.

அந்த ஆவணியில் ராசிபுரத்துப் பெண்ணோடு கல்யாணம் ஆயிற்று. என் மாற்றல் அதற்கு முன்பே வந்துவிட்டது. பல வருஷம் கழித்து, ரோடு வந்து பஸ்ஸும் வந்த பிறகு, மனைவியோடு செம்மேட்டில் போய் இறங்கினேன். கோதுமை நின்ற நிலத்தில் மரவள்ளி நின்றது. கோதுமை ஐயா என்று ஒருவன் இருந்தது ஒருவருக்கும் நினைவில்லை. அதற்கு முன்பே பெரிய ஐயா காலமாகிவிட்டார். நல்லம்மாவும் இரண்டு மழைக்கு முன்னால் போய்விட்டாள் என்று குண்டூர் நாட்டில் சொன்னார்கள்.

மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நின்றுதான் முதன்முறையாக என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் விஷயத்துக்குச் சிரித்தாள். பங்காளிக் கல்யாணத்துக்கு இன்னும் சிரித்தாள். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தம்மாவுக்கு நம்ம கல்யாணப் பத்திரிகை வெச்சீங்களா?" என்றாள்.

மண்டபம் நிறைய ஆள் வந்திருந்தது அந்தக் கல்யாணத்துக்கு. பெரிய ஐயாகூட ஆஸ்துமாவோடு பஸ் ஏறி வந்து வாழ்த்தினார். நல்லம்மாவுக்கு நான் பத்திரிகை வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.