ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் ஃபோர்

அரியலூரில் நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் கீபோர்டைத் தொட்டாலே விரல் நுனி நறநறக்கும். வாசலில் ஓயாமல் சிமென்ட் லாரி போகும் ரோடு. எத்தனை முறை துடைத்தாலும் கீக்களின் இடுக்கில் தூசி...

ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர். விக்கிரமங்கலத்திலிருந்து நான், உடையார்பாளையத்திலிருந்து ஷமீம். அவள் பஸ்தான் முதலில் வரும். அதனால் வலதுபக்க நாற்காலி அவளுக்கு, மவுசும் அவளுக்கே!

எனக்கு மிஞ்சியது கீபோர்டு. வீம்புக்கு எல்லா வேலையையும் அதிலேயே செய்யப் பழகினேன். அவள் அம்புக்குறியை நகர்த்துவதற்குள் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்று முடித்துவிடுவேன். "சும்மா இருடி, நான் பண்றேன்ல!" என்று முழங்கையால் இடிப்பாள்.

கோர்ஸ் முடிந்த கையோடு ஷமீமுக்குப் பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் இன்டர்வியூ. கடிதம் மெயிலில் வந்திருந்தது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"இது கெடைக்கலன்னா கம்ப்யூட்டர் படிச்சதெல்லாம் போதும், வூட்டுல இருன்னு அத்தா சொல்லிட்டாருடி" என்றாள். இன்டர்வியூ அன்று துணைக்கு நானும் போனேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, உள்ளே ஆளுக்கொரு ஸ்டூல். ஷமீம் மெயிலைத் திறக்கப் போனாள்... திரை முழுக்கச் சிவப்பு.

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே மெயில் பாஸ்வேர்டைக் கொடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று இங்கிலீஷில் மிரட்டல். மவுசை உருட்டினாள். அம்பு அசையவே இல்லை.

சென்டர்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "பாஸ்வேர்டைப் போட்டுடும்மா, அப்பத்தான் போவும்."

"யா அல்லா... லெட்டர் போயிடுமாடி?" ஷமீமுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் எழுத்தை அடித்தே விட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அடிக்காதடி! பாஸ்வேர்டைக் குடுத்தாத்தான் லெட்டர் போவும். வைரஸ எடுக்கறதுக்கு உன் பாஸ்வேர்டு எதுக்கு?"

எஸ்கேப். ஒரு பெட்டி மறைந்தது. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் ஃபோர்.

சிவப்பு மொத்தமும் போயே போச்சு!

விண்டோஸ் கீ, அம்புக் கீ, என்டர். பிரவுசர் மறுபடி திறந்தது. மெயில் முகவரியை எழுத்தெழுத்தாக நானே அடித்தேன். பாஸ்வேர்டு அடிக்கிற இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவள் அடித்தாள். கடிதம் பத்திரமாக இருந்தது. கன்ட்ரோல் பி. பிரின்டர் கரகரவென்று இழுத்த சத்தம் நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

மெயிலை மூடி வெளியே வருவதற்குள் அடுத்த தடுப்பிலிருந்து ஒரு குரல். "தங்கச்சி, எனக்கும் செவப்பா வந்துருச்சு!"

"எதையும் டைப் பண்ணாதீங்கண்ணே! மொதல்ல எஸ்கேப்பு. அப்பறம் ஆல்ட்டைப் புடிச்சுக்கிட்டே எஃப் ஃபோர்!"

"போயிடுச்சு... போயிடுச்சும்மா!"

தடுப்புக்கு மேலே வரிசையாகத் தலைகள். "மவுசத் தொடாமயேவா? இன்னொரு தடவை செஞ்சு காட்டும்மா" என்று சென்டர்கார அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஷமீம் ஆபீஸ் படிக்கட்டில் துப்பட்டா பறக்க ஓடி வந்தாள். "நாளையிலேருந்து வரச் சொல்லிட்டாங்கடி!" நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன டவுன் பஸ் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

இன்று அதே ஆபீஸில் அவள்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்கே பொறுப்பு. நான் அரியலூரில் வேலை பார்க்கிறேன். இப்போது வருகிற மிரட்டல் சிவப்பாகக்கூட இல்லை, தேன் மாதிரி பேசுகிறது. போன வாரம் பேங்க் ஆபீசர் என்று சொல்லி ஒருவன் போனில் அவளிடம் ஓடிபி கேட்டிருக்கிறான்.

"என் ஓடிபி எனக்குத்தான் சார், நீங்க வைங்கன்னு வச்சுட்டேன்டி!" குரலில் அப்படியொரு கெத்து.

அந்தக் காலத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே திரை. இப்போது ஆளுக்கொரு செல், ஆளுக்கொரு ஊர்...

ஆனாலும் அவன் போனைக் கட் செய்த கையோடு அவள் கூப்பிட்டது எனக்குத்தான்.